வெற்றிலை போடாத பல்லில் வெற்றிலைக் கறை

கேள்வி:

மதிப்பிற்குரிய வைத்தியர் அவர்களுக்கு,

நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் 47 வயது ஆசிரியை. ஒரு வருடமாகப் பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பாமசியில் கேட்டபோது குளோரெக்சிடின் என்ற வாய் கழுவும் மருந்தைத் தந்தார்கள். போத்தலில் 0.2 சதவீதம் என்று இருக்கிறது. ஏறக்குறைய மூன்று மாதமாகக் காலையும் இரவும் பல் துலக்கிய கையோடு அதைக் கொப்பளித்து வருகிறேன். லண்டனில் இருக்கும் தம்பி முரசுக்கென்று ஸ்டானஸ் புளோரைட்டு உள்ள பற்பசையும் அனுப்பினான். இரத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் முன்பற்களின் இடுக்குகளிலும் முரசை ஒட்டியும் பழுப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. வெற்றிலை போடுகிறீர்களா ரீச்சர் என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டே விட்டது. மாமியார் சொல்லி உப்பும் கரியும் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், பல் கூசியதுதான் மிச்சம். பற்பசையில் ட்ரைக்ளோசான் என்ற நஞ்சு இருக்கிறது, அமெரிக்காவில் தடை செய்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் கணவர் காட்டினார். பழைய ரியூப் ஒன்றில் அந்தப் பெயர் இருக்கிறது. பல்லைச் சுத்தம் செய்வித்தால் ஆட்டம் கண்டுவிடும் என்கிறார்கள், அது உண்மையா? நான் அம்லோடிபைன் என்ற பிரஷர் குளிசை எடுக்கிறேன். நாளுக்கு நான்கைந்து தடவை வெறுந்தேநீர் குடிப்பேன். கணவர் புகைப்பவர். அவருக்கு ஒருநாளும் முரசில் இரத்தம் வந்ததில்லை. நான் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பயத்தைக் குறைக்கும் விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பல்லில் விழுந்திருப்பது பெரும்பாலும் வெளிக்கறைதான். மருந்து பல்லைத் தின்றுவிடவில்லை. எனாமல் உக்கிப் போகவுமில்லை. அந்தக் கோடுகளைப் பல் வைத்தியரின் கருவியால் ஒரே அமர்வில் நீக்கிவிடலாம். நான் கவலைப்படுவது நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கும் மற்ற விடயத்தைப் பற்றியே. இரத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது என்கிறீர்கள். அது நோய் தீர்ந்ததால் குறைந்ததா, நோயின் மேல் ஒரு போர்வை விழுந்ததால் குறைந்ததா என்பது கண்ணாடியில் பார்த்துத் தெரியக்கூடியதன்று.

கறை எப்படி விழுகிறது என்று தெரிந்தால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். பல்லின் மேற்பரப்பு எப்போதும் வெறுமையாக இருப்பதில்லை. துலக்கி முடித்த சில நிமிடங்களுக்குள்ளேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சவ்வாகப் படிந்துவிடுகின்றன. அந்தச் சவ்வில்தான் பக்டீரியாக்கள் குடியேறிப் பற்படலத்தைக் கட்டுகின்றன. குளோரெக்சிடின் நேரேற்றம் கொண்ட மூலக்கூறு. அந்தச் சவ்வும், வாயின் உட்சதையும், பக்டீரியாவின் மேற்சுவரும் மறையேற்றம் கொண்டவை என்பதால் அது எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. கொப்பளித்துத் துப்பிய பிறகும் ஏறத்தாழ 12 மணித்தியாலம் அங்கேயே தங்கிச் சிறிது சிறிதாக விடுபட்டுப் பக்டீரியாக்களைத் தடுத்துக்கொண்டிருக்கும். மற்ற வாய் கழுவும் திரவங்கள் இதைவிட விரைவில் களைத்துப் போகும்போது இது மட்டும் நாளுக்கு இரண்டு தடவையில் முழு நாளையும் காவல் காப்பதற்குக் காரணம் இந்த ஒட்டும் குணமே.

ஆனால் ஒரு கையால் பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த மூலக்கூறுக்கு இன்னொரு கை சும்மா இருக்கிறது. நீங்கள் குடிக்கும் வெறுந்தேநீரில் தனின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் நிறைய உண்டு. அவை மறையேற்றம் கொண்டவை என்பதால் அந்தக் கையைப் பற்றிக்கொள்கின்றன. தேநீர், கோப்பி போன்றவற்றின் நிறம் இவ்வாறு பல்லோடு கட்டப்பட்டுவிடுகிறது. மருந்து மட்டும் இருந்தால் இவ்வளவு கறை விழாது, தேநீர் மட்டும் இருந்தாலும் இவ்வளவு விழாது. வைத்தியசாலைக் கன்ரீனில் தேநீர் குடிக்கும் வெள்ளைப் பீங்கான் கோப்பையைப் பார்த்திருப்பீர்கள். வழுவழுப்பான பக்கம் கழுவியதும் வெளுத்துவிடும், மயிரிழை போல வெடித்த கோட்டில் மட்டும் பழுப்பு நிரந்தரமாகக் குடியிருக்கும். பல்லிலும் கறை பரவலாக விழாமல், பிரஷ் சரியாகப் படாத இடுக்கிலும், முரசின் ஓரத்திலும், பல்நிற அடைப்பின் விளிம்பிலும்தான் கோடு கோடாக நிற்கும். நீங்கள் வர்ணித்திருப்பதும் அதே அமைப்பு. எந்த இடத்தில் கறை இருக்கிறதோ அந்த இடத்தில் உங்கள் பிரஷ் சரியாகப் போகவில்லை என்று அந்தக் கோடு காட்டிக்கொடுக்கிறது. அதை நான் ஒரு வரைபடமாகவே பார்ப்பேன்.

இதில் எனக்கும் சொந்த அனுபவம் உண்டு. மாணவனாக இருந்தபோது ஞானப்பல் ஒன்றைப் பிடுங்குவித்துக்கொண்டு, கொடுத்த குளோரெக்சிடினைக் கொப்பளித்த கையோடு விடுதியில் வெறுந்தேநீர் குடித்து வந்தேன். ஒரு வாரத்தில் நாக்கு மரப்பட்டை போலப் பழுப்பாகிவிட்டது, சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றும் தெரியவில்லை. சுவை மாறுவதும் இந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுதான். நிறுத்திய சில நாளில் சரியாகிவிட்டது.

தம்பி அனுப்பிய பற்பசைக்கு வருவோம். ஸ்டானஸ் புளோரைட்டு என்பது வெள்ளீயத்தின் அயனும் புளோரைட்டும் சேர்ந்த சேர்வை. 0.454 சதவீதம் என்று ரியூப்பில் எழுதியிருந்தால், அதில் ஏறக்குறைய மில்லியனுக்கு 1100 பகுதி புளோரைட்டு இருக்கிறது என்று பொருள். பல் சொத்தையைத் தடுப்பதற்கு இது போதுமான அளவு. புளோரைட்டுப் பகுதி பல்லின் கடினத்தைக் காக்கிறது. வெள்ளீய அயன் பக்டீரியாக்கள் சீனியைச் செரிப்பதையும் பெருகுவதையும் மட்டுப்படுத்துகிறது, முரசு அழற்சி அதனால் குறைகிறது. பற்கூச்சத்துக்கும் நல்லது, ஏனெனில் வேர்ப்பகுதியில் திறந்திருக்கும் நுண்குழாய்களின் வாயை அது அடைத்துவிடுகிறது. 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பெயர்பெற்ற முதல் புளோரைட்டுப் பற்பசை இதைத்தான் கொண்டிருந்தது. ஆனால் வெள்ளீய அயன் நீருள்ள பசையில் நிலைத்து நிற்காமல் கெட்டுப்போகும், உலோகச் சுவை தரும், குளோரெக்சிடினைப் போலவே உணவின் நிறப்பொருள்களைப் பிடித்துக் கறையும் படுத்தும். இக்குறைகளால் பிற்காலத்தில் பல தயாரிப்புகள் சோடியம் புளோரைட்டுக்கு மாறின. இப்போது அயனைக் கெடாமல் நிலைநிறுத்திய கலவைகள் வந்துவிட்டன, சிலவற்றில் கறை ஒட்டாமலிருக்க ஹெக்சாமெட்டாபொஸ்பேற்று போன்ற பொஸ்பேற்றும் சேர்க்கிறார்கள். ஆகவே உங்கள் கறைக்கு இந்தப் பற்பசை சிறு பங்காளியாக இருக்கலாம், முதல் குற்றவாளி போத்தலில் இருப்பதுதான்.

இங்கே ஒரு செய்தி உங்களைச் சங்கடப்படுத்தக்கூடும். நீங்கள் பல் துலக்கிய கையோடு குளோரெக்சிடினைக் கொப்பளித்து வந்திருக்கிறீர்கள். பெரும்பாலான பற்பசைகளில் நுரை வருவதற்காகச் சோடியம் லோரில் சல்பேற்று என்ற பொருள் சேர்க்கப்படுகிறது. அது மறையேற்றம் கொண்டதாகையால், குளோரெக்சிடின் பல்லைப் பிடிப்பதற்கு முன்னரே அதனோடு இணைந்து அதன் வலுவைக் குறைத்துவிடும். இதனால்தான் இரண்டுக்கும் இடையில் குறைந்தது அரை மணித்தியாலம் விடச் சொல்கிறோம். மறுபக்கத்தில், துலக்கியவுடன் எதைக் கொண்டு கொப்பளித்தாலும், அது தண்ணீராக இருந்தாலும், பல்லில் தங்கவேண்டிய புளோரைட்டு கழுவுண்டு போகிறது. துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுவதுதான் சரி. உங்கள் முறையில் பற்பசையின் பயனும் குறைந்தது, மருந்தின் பயனும் குறைந்தது, கறை மட்டும் குறையவில்லை. இதைப் பாமசியில் சொல்லித் தந்திருக்க வேண்டும். துண்டில்லாமல் வாங்கும் மருந்துக்கு அறிவுரையும் இல்லாமல் போய்விடுகிறது.

குளோரெக்சிடினை நாங்கள் சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு எழுதுவோம், மிஞ்சினால் ஒரு மாதம். பல் பிடுங்கிய பின், முரசில் சத்திரசிகிச்சை செய்த பின், கை வழங்காத முதியவர்களுக்கு என்று அதற்கான இடங்கள் உண்டு, அந்த இடங்களில் அதற்கு நிகரானது இல்லை. பல ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளிவந்த கொக்கிரேன் மீளாய்வு, துலக்குவதோடு சேர்த்து இதைக் கொப்பளித்தவர்களின் பற்படலம் பெருமளவு குறைந்ததென்றும், இலேசான முரசு அழற்சி ஓரளவு தணிந்ததென்றும், நான்கு வாரத்துக்கு மேல் போனால் கறை விழுந்ததென்றும் காட்டியது. நீங்கள் பன்னிரண்டு வாரம் போயிருக்கிறீர்கள். பற்படலம் இறுகிக் கல்லாகும் பற்காரை கூடுதலாகப் படிவதும் நீண்ட காலப் பாவனையின் இன்னொரு விளைவு.

பிரஷர் குளிசை எடுப்பவர் என்பதால் மேலும் ஒன்று. நாம் உண்ணும் கீரைகளிலுள்ள நைத்திரேற்றை நாக்கின் மேல் வாழும் நல்ல பக்டீரியாக்கள் நைத்திரைற்றாக மாற்றுகின்றன, அது உடலில் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டுக்கு மூலமாகிறது. ஆரோக்கியமானவர்கள் ஒரு வாரம் குளோரெக்சிடின் கொப்பளித்தபோது அவர்களுடைய இரத்த அழுத்தம் 2 முதல் 3.5 மில்லிமீற்றர் இரசம் வரை கூடியதாக 2013இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. பதற்றப்பட வேண்டிய அளவன்று. ஆனாலும் வாயிலுள்ள எல்லாப் பக்டீரியாவும் எதிரி என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மருந்தைக் கொப்பளிக்க வேண்டாம் என்பதற்கு இது போதும். இரண்டு வாரம் கழித்து உங்கள் பிரஷரை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். குளிசையை நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். அம்லோடிபைன் சிலருக்கு முரசைத் தடிக்கச் செய்யும், பற்களுக்கிடையே முரசு முக்கோணமாக வீங்கி நின்றால் அதையும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்; தேவையானால் உங்கள் பொது வைத்தியரோடு அவரே பேசி முடிவெடுப்பார்.

ட்ரைக்ளோசான் என்ற பக்டீரியா எதிர்ப்புப் பொருளைப் பற்றிய வாட்ஸ்அப் செய்தி பாதி உண்மை, பாதி ஊகம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் தடை செய்தது ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருள்களைக் கொண்ட கை, உடல் கழுவும் சவர்க்காரங்களை. சாதாரணச் சவர்க்காரத்தைவிட அவை சிறந்தவை என்றும், நாள்தோறும் நீண்ட காலம் பாவிக்கப் பாதுகாப்பானவை என்றும் தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பற்பசை அந்தத் தடையில் அடங்கவில்லை, ஏனெனில் முரசு அழற்சியில் அதற்குப் பயன் உண்டென்ற சான்று ஏற்கனவே இருந்தது. 0.3 சதவீத ட்ரைக்ளோசானும், அதைப் பல்லில் தங்கவைக்கும் கோபொலிமரும் சேர்ந்த பற்பசையை, வெறும் புளோரைட்டுப் பற்பசையோடு ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டின் கொக்கிரேன் மீளாய்வில், பற்படலமும் முரசு அழற்சியும் 22 சதவீதம் வீதமும், இரத்தக் கசிவு 48 சதவீதமும் குறைந்திருந்தன. ட்ரைக்ளோசானுக்கு மின்னேற்றம் இல்லாததால் கறையும் படுத்துவதில்லை. இவ்வளவு நல்லதென்றால் ஏன் கைவிட்டார்கள் என்று கேட்பீர்கள். விலங்குகளில் செய்த ஆய்வுகள் அது ஹோர்மோன்களோடு தலையிடக்கூடும் என்ற ஐயத்தை எழுப்பின. கழிவுநீரோடு சென்று ஆறு, கடலில் சேர்கிறதென்றும், பக்டீரியாக்களுக்கு எதிர்ப்புச் சக்தியை வளர்க்கக்கூடுமென்றும் கவலை எழுந்தது. அமெரிக்காவில் அதைக்கொண்டு மிகப் பெயர்பெற்றிருந்த பற்பசையே 2019இல் ஸ்டானஸ் புளோரைட்டுக்கு மாறிவிட்டது. உங்கள் பழைய ரியூப்பைப் பாவித்ததற்காக நெஞ்சு படபடக்க வேண்டியதில்லை. அது முடிந்ததும் தேடிப்போய் இன்னொன்றை வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

நாகம் (துத்தநாகம்), சிற்றேற்று என்றெல்லாம் எழுதிய பற்பசைகள் கறையில்லாமல் வாய்நாற்றத்தையும் பற்காரையையும் ஓரளவு குறைக்கும். செற்றில்பிரிடினியம் குளோரைட்டு உள்ள திரவங்கள் குளோரெக்சிடினின் இளைய சகோதரர்கள், வலுவும் குறைவு, கறையும் குறைவு. கராம்பு எண்ணெய் வாசனை உள்ள நம் ஊர்ப் பற்பசைகள் கறை படுத்துவதில்லை, வாய்க்கு இதமாகவும் இருக்கும். ஆனால் கராம்பு நோவை மரத்துப்போகச் செய்யும் பொருள் என்பதால், சொத்தைப் பல்லின் வலியை அதைக் கொண்டு ஆற்றிக்கொண்டு ஆறு மாதம் கழித்து வருகிறவர்களை நான் அடிக்கடி காண்கிறேன்.

மாமியாரின் வைத்தியத்துக்கு வருகிறேன். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்ற முதுமொழியில் நான் குறை காணமாட்டேன். வேப்பங்குச்சியை மென்று நாராக்கிப் பல்லின் ஒவ்வொரு பக்கமாக நிதானமாக உரசியவர்கள் பற்படலத்தைக் கையால் அகற்றினார்கள், வேம்பின் கசப்பைவிட அந்த உரசலுக்கே பெரும்பங்கு உண்டு. ஆனால் கரியும் கல்லுப்பும் வேறு விடயம். அவை கறையோடு சேர்த்துப் பல்லையும் அராவுகின்றன. எனாமல் திரும்ப வளராது. அது மெலிந்தால் உள்ளேயிருக்கும் மஞ்சள் நிற டென்ரீன் தெரியும், வெளுக்கத் தேய்த்த பல் மஞ்சளாகத் தெரியும். முரசு இறங்கி வேர் வெளிப்பட்ட இடங்களில் எனாமலே கிடையாது, உங்களுக்குக் கூசியது அங்கேதான். கரித்தூள் முரசின் ஓரத்தில் புகுந்து கறுப்புக் கோடாகத் தங்கிவிடுவதும் உண்டு. இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரைக் கொப்பளிப்பதில் கேடு ஒன்றுமில்லை. உப்பு பிரஷில் ஏற வேண்டாம். வெளுக்கச் செய்யும் பற்பசை என்று விற்பவற்றிலும் பெரும்பாலானவை அராவும் தன்மை கூடியவை. உங்கள் கூச்சம் தணியும் வரை அவற்றைத் தொடாதீர்கள்.

இரத்தம் குறைந்ததைப் பற்றி நான் ஏன் கவலைப்படுகிறேன் என்பதை இனி விளக்குகிறேன். முரசு நோயைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதிக்கு ஹரால்ட் லோ என்ற நோர்வேஜியப் பல் வைத்திய அறிஞருக்குக் கடன்பட்டிருக்கிறோம். 1965இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான முரசு கொண்ட 12 பேர், பெரும்பாலும் பல் வைத்திய மாணவர்கள், பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் முரசு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கியதும் ஆறியது. முரசில் இரத்தம் வருவது சூட்டினாலோ விற்றமின் குறைவினாலோ என்று தேடிக்கொண்டிருப்பதற்கு முன் பற்படலத்தைப் பார்க்க வேண்டும் என்பது அன்றோடு உறுதியாயிற்று. துலக்காமலே குளோரெக்சிடினை நாளுக்கு இருமுறை கொப்பளித்தால் பற்படலம் கட்டாமல் தடுக்கலாம் என்று 1970இல் இன்னொரு சகாவோடு காட்டியவரும் அவரே. உங்கள் போத்தலின் கதை அங்கே தொடங்குகிறது.

அதே 1970இல் அவர் நம் நாட்டுக்கும் வந்தார். நம் மலையகத்தில் இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1985 வரை ஆறு தடவை பார்த்தார்கள். கடைசித் தடவை, முதலில் பார்த்தவர்களில் 161 பேர் மீந்திருந்தார்கள். வழமையான வாய்ச் சுத்தம் எதையும் செய்யாத, பல் சிகிச்சை கிட்டாத அந்த மனிதர்கள் எல்லோருடைய பல்லிலும் பற்படலமும் பற்காரையும் கறையும் கட்டியிருந்தன. ஏறக்குறைய எல்லா முரசும் அழற்சி கொண்டிருந்தது. ஆனால் பல்லைத் தாங்கும் பகுதி எல்லோருக்கும் ஒரே மாதிரி அழியவில்லை. ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு வேகமாக அழிந்தது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 11 சதவீதத்தினருக்கு முரசு அழற்சிக்கு அப்பால் நோய் போகவேயில்லை. உலகமெங்கும் பல் வைத்திய மாணவர்கள் இன்றும் இந்த எண்களைப் படிக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்கள் பறித்த தேயிலையைக் குடித்தவர்களில் எத்தனை பேருக்கு, முரசு நோயின் பாடமும் அவர்களுடைய வாயிலிருந்தே எழுதப்பட்டது என்று தெரியும்?

இரத்தக் கசிவின் அளவைப் பார்த்து நீங்கள் அந்த மூன்று கூட்டத்தில் எதைச் சேர்ந்தவர் என்று எவராலும் சொல்ல முடியாது. முரசுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பையின் ஆழத்தை அளந்தே சொல்ல முடியும். ஆரோக்கியமான இடத்தில் அது 1 முதல் 3 மில்லிமீற்றர் வரை இருக்கும். 4 அல்லது அதற்கு மேல் போனால் உள்ளே பற்காரையும் பக்டீரியாவும் ஒதுங்கியிருக்கின்றன என்று ஐயுற வேண்டும். அவ்வளவு ஆழத்துக்குப் பற்பசையின் நுரையும் போகாது, கொப்பளிக்கும் மருந்தும் போகாது. மேல்விளிம்பில் அழற்சி தணிந்து இரத்தம் நின்றுவிட, அடியில் எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம். உங்கள் கணவரைப் பற்றி எழுதியதை வாசித்தபோது எனக்கு இதே கவலைதான் வந்தது. புகைப்பவர்களின் முரசில் இரத்தக் கசிவு குறைந்துவிடும். நோய் இருந்தாலும் அடையாளம் வெளியே தெரியாமல் போகலாம். இரத்தமே வராத தன் முரசைப் பற்றி அவர் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதலில் அளந்து பார்க்க வேண்டியவர் அவராகவும் இருக்கலாம்.

பல்லைச் சுத்தம் செய்வித்தால் ஆட்டம் கண்டுவிடும் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரியும். கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில், நாக்கின் கீழே உமிழ்நீர் சுரக்கும் வாய்க்கு எதிரே, பற்காரை சீமெந்து போலக் கட்டி நாலு பல்லையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். அதை உடைத்து எடுத்தவுடன், ஏற்கனவே எலும்பு இழந்திருந்த பற்கள் தனித்தனியாக நின்று தங்கள் உண்மையான ஆட்டத்தைக் காட்டும். வீங்கியிருந்த முரசும் வற்றிச் சுருங்குவதால் இடைவெளிகள் தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். கருவி பல்லைத் தளர்த்துவதில்லை. அழற்சி தணிந்த சில வாரங்களில் பல் முன்னிலும் இறுகுவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். இன்றிரவு விரல் நுனியைக் கழுவிக்கொண்டு கீழ் முன்பற்களின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நகத்தில் சொரசொரவென்று தட்டுப்பட்டால் அது பல் இல்லை. எந்தப் பற்பசையும் அதைக் கரைக்கப் போவதில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். குளோரெக்சிடினை இன்றோடு நிறுத்துங்கள். பல் வைத்தியர் சுத்தம் செய்த பின் இரண்டு வாரத்துக்குத் தேவை என்று சொன்னால் மட்டும் மீண்டும் எடுங்கள். அப்போதும் துலக்கும் நேரத்திலிருந்து குறைந்தது அரை மணித்தியாலம் தள்ளி வைத்துக்கொண்டு, கொப்பளித்த பிறகு ஒரு மணித்தியாலமாவது தேநீரைத் தள்ளிப் போடுங்கள். ஸ்டானஸ் புளோரைட்டுப் பற்பசையைத் தொடரலாம், உங்களுக்குக் கூச்சமும் இருப்பதால் அது பொருத்தமானதே. அதன் சுவை பிடிக்காவிட்டாலோ, சுத்தம் செய்து இரண்டு மூன்று மாதத்தில் கறை திரும்பினாலோ, மில்லியனுக்கு 1000க்கும் 1500க்கும் இடைப்பட்ட பகுதி புளோரைட்டு உள்ள சாதாரணப் பற்பசைக்கு மாறினால் நட்டம் பெரிதில்லை. நான்கைந்து தேநீரை இரண்டாக்கச் சொல்லும் தைரியம் ஆசிரியை ஒருவரிடம் எனக்கு இல்லை. சீனி இல்லாமல் குடியுங்கள், குடித்தபின் ஒரு வாய் தண்ணீர் கொப்பளியுங்கள். பால் சேர்த்துக் குடிப்பவரானால் கறை குறையும், பாலிலுள்ள கசீன் தனினைப் பிடித்துக்கொள்ளும்.

பிரஷ் மென்மையான நாருள்ளதாக இருக்கட்டும். நார்களைப் பல்லின் நடுவில் வைக்காமல், முரசும் பல்லும் சந்திக்கும் ஓரத்தில் 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறு அசைவாக அதிரச் செய்து, இரண்டு மூன்று பல்லாக நகருங்கள். காலையும் இரவும் இரண்டு நிமிடம். பற்களின் இடுக்குக்குள் பிரஷ் போகாது. அதற்கென்று போத்தல் துடைக்கும் தூரிகையின் குட்டி வடிவில் இடைப்பல் பிரஷ்கள் கொழும்புப் பாமசிகளில் கிடைக்கின்றன, இடைவெளிக்கு ஏற்ற அளவைப் பல் வைத்தியரிடமே கேட்டு வாங்குங்கள். முதல் நாலைந்து நாள் அதில் இரத்தம் படும். அதைக் கண்டு நிறுத்துகிறவர்கள் அதிகம், நீங்கள் நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் குறைந்துவிடும். குறையாவிட்டால், அல்லது முரசிலிருந்து சீழ் வந்தால், பல் ஆடினால், பல் வைத்தியரிடம் காட்டுங்கள்; இரத்தத்தில் சீனி இன்னும் பார்க்கவில்லையென்றால், அந்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். கட்டுப்படாத நீரிழிவில் முரசு நோய் வேகம் கொள்ளும்.

கறையைப் பற்றி ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். கருவியால் துடைத்தும் போகாத வெண்புள்ளி, பழுப்புப் புள்ளிகள் சின்ன வயதிலிருந்தே இருந்தால் அது மருந்தின் வேலையன்று. அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற வரண்ட பிரதேசங்களில் கிணற்று நீரில் புளோரைட்டு மிகுதியாக இருந்து, பல் உருவாகும் பருவத்தில் விழும் கறை அது. வாயின் உட்சதையில் துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் கறையை மறந்துவிட்டு உடனே காட்டுங்கள், உங்கள் கணவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். நம் நாட்டு ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. வெற்றிலை, பாக்கு, புகை மூன்றும் அதற்குக் காரணம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வார்ட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலை தூரமில்லை. தனியார் கிளினிக்குக்குப் போவதென்றாலும் உங்கள் விருப்பம். எங்கே போனாலும் போத்தலையும் இரண்டு ரியூப்புகளையும் பிரஷர் குளிசை அட்டையையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள். கறையை மட்டும் எடுத்துவிடும்படி கேட்காதீர்கள். சுத்தம் செய்வதற்கு முன் எல்லாப் பற்களையும் சுற்றி முரசுப் பையின் ஆழத்தை அளந்து, அந்த எண்களை உங்கள் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். 4 அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களை மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பித்து, இரண்டு வரிசை எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.